சென்னையில் விமானம் இறங்கியபின் ஊர் போய்ச் சேர்வது எப்படி: முதல்முறை வருபவர்களுக்கு

அம்மா என்னோடு தோஹாவில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். அவரையும் நான்கு வயது மகனையும் அழைத்துக்கொண்டு நான்தான் வந்தேன். விமானம் இரவு 8 மணிக்கு இறங்க வேண்டும். கும்பகோணத்துக்கு எழும்பூரிலிருந்து பத்தரைக்கு மேல் ரயில். இரண்டரை மணி நேரம் இருக்கிறதே, தாராளம் என்று நினைத்து டிக்கெட் போட்டேன்.

விமானம் 35 நிமிடம் தாமதம். கடைசிப் பெட்டி கைக்கு வந்தபோது மணி 9:40. டாக்ஸி பிடித்து, கிண்டியிலும் சைதாப்பேட்டையிலும் நெரிசலில் நின்று நின்று எழும்பூர் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டது. எங்கள் பெட்டிகளைப் பார்த்த ஒரு போர்ட்டர் கேட்டார்: "ஏர்போர்ட்லேர்ந்தா வர்றீங்க? தாம்பரத்துலயே ஏறியிருக்கலாமேம்மா. வண்டி இப்போ அங்கதான் போய்க்கிட்டு இருக்கு."

விமான நிலையத்திலிருந்து தாம்பரம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. நான் குழந்தையையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் நகரத்துக்குள் போயிருக்கிறேன். அன்று இரவு அம்மா பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு ஆறு முறை வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கற்றுக்கொண்டதை, முதல்முறை வரும் உங்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்கள் ஊர் எந்தத் திசை என்று முதலில் பாருங்கள்

சென்னை விமான நிலையம் நகரத்தின் தென்கோடியில், மீனம்பாக்கத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையில், தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கிறது. தென் மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் போகும் சாலை, ரயில் பாதை இரண்டும் அதன் வாசல் வழியாகத்தான் போகின்றன. அதனால் பெரும்பாலானோர் நகரத்துக்குள் போகவே வேண்டியதில்லை.

விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் போகிறவர்களுக்கு ரயில் என்றால் தாம்பரம், பேருந்து என்றால் வண்டலூரைத் தாண்டி இருக்கும் புதிய பேருந்து முனையமான கிளாம்பாக்கம்.

காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை பக்கம் போகிறவர்களுக்கு ரயில் என்றால் சென்ட்ரல். சேரன், நீலகிரி, ஏற்காடு ரயில்கள் எல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. இவை தாம்பரம் பக்கம் வராது. ஆனால் சேலம், ஈரோடு, கோவைக்குப் பேருந்தில் போவதானால் அதற்கும் கிளாம்பாக்கம்தான்.

காஞ்சிபுரம், வேலூர், பெங்களூர் பேருந்துகளுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பேருந்துகளுக்கும் கோயம்பேடு. ஆந்திரப் பக்கம் என்றால் மாதவரம்.

விமான டிக்கெட்டே இன்னும் எடுக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை. திருச்சி, மதுரை, கோவை மூன்றுக்கும் வெளிநாட்டிலிருந்து நேரடி விமானங்கள் உண்டு. சென்னையைவிட டிக்கெட் சில ஆயிரம் கூடுதலாக இருக்கும். சென்னையிலிருந்து ஊர் வரை ஆகும் செலவையும், ஒரு இரவு முழிப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். வயதானவர்கள் கூட இருந்தால் நான் இப்போது திருச்சியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

2. நேரத்தைப் பெட்டி கைக்கு வரும் நொடியிலிருந்து எண்ணுங்கள்

டிக்கெட்டில் போட்டிருக்கும் இறங்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். சக்கரம் தரையைத் தொட்டபின் விமானம் நிற்க, கதவு திறக்க, குடிவரவு வரிசையில் நிற்க, பெட்டி வர, சுங்கம் கடக்க என்று நேரம் போய்க்கொண்டே இருக்கும். என் ஆறு பயணங்களில் மிகக் குறைவாக ஆனது 55 நிமிடம். அதிகம் 2 மணி 10 நிமிடம். வளைகுடா, சிங்கப்பூர், மலேசிய விமானங்கள் அடுத்தடுத்து வந்து இறங்கினால் குடிவரவு வரிசை நீண்டுவிடும்.

அதனால் நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது. இறங்கும் நேரத்துக்கும் தாம்பரத்தில் ரயில் வரும் நேரத்துக்கும் இடையில் குறைந்தது 4 மணி நேரம். சென்ட்ரல், எழும்பூர் என்றால் 5 மணி நேரம். கிளாம்பாக்கத்தில் அரசுப் பேருந்து என்றால் முன்பதிவு இல்லாமலும் ஏறலாம் என்பதால் மூன்றரை மணி நேரம் போதும்.

விமானம் தாமதமானால் ரயில்வே பணம் தராது. இரண்டும் தனித்தனி டிக்கெட். ரயில் புறப்படும் நேரம் நெருங்க நெருங்க, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் போகும். எனவே விமானம் ஏறும் முன்பே அது தாமதம் என்று தெரிந்தால், அங்கிருந்தே ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் முழுத் தொகையும் போய்விடும்.

பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாட்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. பொங்கல், தீபாவளிக்கு முன்னால் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் பகுதியில் ஜி.எஸ்.டி. சாலை நகரவே நகராது. சாதாரண நாளில் கிளாம்பாக்கம் போக முக்கால் மணி நேரம் ஆகும் என்றால், அந்த நாட்களில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலையும் ஏறக்குறைய அப்படித்தான்.

3. ரயில் டிக்கெட்: எப்போது, எப்படி எடுப்பது

பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னால் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். முன்பு 120 நாட்கள் இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். பழைய நினைவில் நான்கு மாதம் முன்பே தேடிவிட்டு, "ரயிலே காட்டவில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

ரயில் டிக்கெட் எடுக்கும் இணையதளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் கணக்கை ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் தொடங்காதீர்கள். இரண்டு மாதம் முன்பே தொடங்கி, ஆதார் இருந்தால் அதோடு இணைத்துச் சரிபார்த்து வையுங்கள். முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் வழி. கடைசி நேரத்தில் எடுக்கும் தட்கல் டிக்கெட்டுக்கும் 2025 ஜூலை முதல் ஆதார் கட்டாயம். கூடவே ஓடிபி-யும் வரும். அந்த ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும்போது உங்கள் கையில் அந்த சிம் இல்லையென்றால் டிக்கெட் கிடையாது. தட்கல் முந்தைய நாள் திறக்கும், ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. வெளிநாட்டில் அது விடிகாலையாக இருக்கலாம். ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் அவர் கணக்கிலிருந்து எடுத்துத் தரச் சொல்வது எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

இப்போது முக்கியமான இடம். டிக்கெட் எடுக்கும்போது ஏறும் நிலையம் என்ற கட்டத்தில் தாம்பரம் என்று தேர்ந்தெடுங்கள். அதன் குறியீடு டி.பி.எம். எழும்பூருக்கு எம்.எஸ்.; சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு வேறு நிலையத்தில் போய் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? பரவாயில்லை. ஐ.ஆர்.சி.டி.சி.யில் 'போர்டிங் பாயின்ட்' மாற்றும் வசதி இருக்கிறது. பயணப் பட்டியல் தயாராகும் முன்பே தாம்பரம் என்று மாற்றிவிடுங்கள். மாற்றாமல் நேராகத் தாம்பரத்தில் போய் ஏறினால், 'எழும்பூரில் ஆள் வரவில்லை' என்று டிக்கெட் பரிசோதகர் உங்கள் படுக்கையை ஆர்.ஏ.சி.யில் (படுக்கை உறுதியாகாமல் உட்கார இடம் மட்டும் கிடைத்தவர் பட்டியலில்) இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். விதிப்படி அவர்மேல் தவறு சொல்ல முடியாது. மாற்றியபின் எழும்பூரில் ஏறும் உரிமையும் உங்களுக்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தெற்கே போகும் ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும். மதுரைக்குப் பாண்டியன், திருநெல்வேலிக்கு நெல்லை, தூத்துக்குடிக்கு முத்துநகர், திருச்சிக்கு மலைக்கோட்டை, தஞ்சாவூருக்கு உழவன், மன்னார்குடிக்கு மன்னை என்று இரவு ரயில்கள் வரிசையாக உண்டு. பகலில் வருகிறவர்களுக்கு வைகை, பல்லவன். காலையில் சோழன் எக்ஸ்பிரஸ் சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போகிறது. எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்தே புறப்படுமாறு அவ்வப்போது மாற்றுகிறார்கள். டிக்கெட் எடுத்த நாளில் பார்த்ததோடு விடாமல், கிளம்பும் முந்தைய நாளும் நேரத்தை ஒருமுறை பாருங்கள்.

செலவு: கும்பகோணம், திருச்சி தூரத்துக்கு ஸ்லீப்பர் 250 முதல் 300 ரூபாய், மூன்றடுக்கு ஏசி 700 ரூபாய் அளவில் வரும். வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் இணைய டிக்கெட் கடைசிவரை உறுதியாகவில்லை என்றால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், உட்கார இடம் உறுதி.

பெட்டிகளின் எடையும் பாருங்கள். விமானத்தில் 40, 46 கிலோ கொண்டு வருவோம். ரயிலில் ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் ஆளுக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏசிக்கு 50 கிலோ இலவசம். எடையைவிட இடம்தான் பெரிய தொல்லை. கீழ்ப் படுக்கைக்கு அடியில் பெரிய சூட்கேஸ் எல்லாம் நுழையாது. ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு நடுத்தரப் பெட்டிகளாகக் கொண்டுவாருங்கள்.

4. விமானம் ஏறும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட் கையில் எடுக்கும்படி இருக்கட்டும். ரயிலிலும் அதுவே அடையாள அட்டையாகச் செல்லும். அசல் வேண்டும், நகல் ஏற்கமாட்டார்கள். ரயில், பேருந்து டிக்கெட்டுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஒரு தாளிலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டில் இருக்கும் பி.என்.ஆர். எண்ணை ஊரில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். இறங்கியதும் ரோமிங் வேலை செய்யாமல், மின்னஞ்சல் திறக்காமல் தவிக்கும் நேரத்தில் அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 2025 அக்டோபர் 1 முதல் மின்-வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இது தேவையில்லை.

அடிக்கடி வந்து போகிறவர் என்றால் உள்துறை அமைச்சகத்தின் விரைவுக் குடிவரவுத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தியக் குடிமக்களுக்கும், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்களுக்கும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. இணையத்தில் விண்ணப்பித்து, அனுமதி வந்தபின் விமான நிலையத்தில் கைரேகையும் முகப்படமும் கொடுத்தால் போதும். அதன்பின் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். இதனால் என் நேரம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

பணம்: டாக்ஸிக்கும் ஆட்டோவுக்கும் போர்ட்டருக்குமாக 3,000 ரூபாயாவது ரொக்கமாக வேண்டும், அதில் 100 ரூபாய் நோட்டுகள் பத்தாவது இருக்கட்டும். நாணயம் மாற்றும் கவுன்டரைவிட ஏடிஎம்மில் எடுப்பது பெரும்பாலும் லாபம். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால், பல நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யு.பி.ஐ. பயன்படுத்தலாம். உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று ஊரில் வந்து இறங்கும் முன்பே ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துப் பாருங்கள்.

வயதானவர்கள் வந்தால் சக்கர நாற்காலியை விமான நிறுவனத்திடம் 48 மணி நேரம் முன்பே கேட்டு வையுங்கள்.

5. உள்ளே இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்தில் வந்து இறங்கும். பெட்டி எடுத்தபின் வெளியேறும் கதவைப் பார்த்ததும் ஓடாதீர்கள். கழிவறை, குழந்தைக்கு உடை மாற்றுவது, குடிநீர் நிரப்புவது, ஏடிஎம், சிம், டாக்ஸி ஆப் திறப்பது எல்லாவற்றையும் உள்ளேயே முடியுங்கள். ஒருமுறை வெளியே வந்துவிட்டால், புறப்பாட்டு டிக்கெட் இல்லாமல் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். வெளியே உட்கார இடமும் குறைவு.

புது சிம் வாங்கினால் அது உடனே வேலை செய்யும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு இன்னும் நேரமாகும்.

6. வெளியே வந்ததும்: நான்கு வழிகள்

முதல் வழி, திரிசூலம் மின்சார ரயில். விமான நிலையத்துக்கு எதிரில், ஜி.எஸ்.டி. சாலைக்கு மறுபுறம் திரிசூலம் நிலையம். சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள், சுரங்கப்பாதை இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், அடுத்தது தாம்பரம். கால் மணி நேரம். பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். கைப்பெட்டியும் ஒரு சூட்கேஸும்தான் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. பெரிய பெட்டிகள் இரண்டு மூன்று என்றாலும், குழந்தை உறங்கிவிட்டாலும் வேண்டாம், படிகள் உண்டு. மாலை 5 முதல் 8:30 வரை தாம்பரம் போகும் வண்டியில் நிற்கவும் இடம் இருக்காது. திரிசூலத்தில் ஏறும்போது 'பீச்' பக்கம் போகும் வண்டியில் மாறி ஏறிவிடாமல், 'தாம்பரம்' அல்லது 'செங்கல்பட்டு' என்று பெயர்ப்பலகை பார்த்து ஏறுங்கள்.

இரண்டாவது, மெட்ரோ. விமான நிலையத்துக்குள்ளேயே நிலையம். சென்ட்ரல் போகிறவர்களுக்கு இதுதான் சிறந்தது: நீலத் தடத்தில் மாறாமல் ஒரே வண்டி, 40 ரூபாய், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூருக்கும் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூரில் இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாற வேண்டும். மின்தூக்கி எல்லா இடத்திலும் உண்டு. அதிகாலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரைதான் ஓடும். தாம்பரத்துக்கோ கிளாம்பாக்கத்துக்கோ மெட்ரோ கிடையாது. விமான நிலையத்தோடு தடம் முடிந்துவிடுகிறது. 'மெட்ரோவில் கிளாம்பாக்கம் போகலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது, டாக்ஸி. வருகைப் பகுதியில் ப்ரீபெய்ட் கவுன்டர்கள் இருக்கும். ஆப் வழியாக அழைக்கும் வண்டிகள் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் வந்து ஏற்றிக்கொள்ளும். முனைய வாசலுக்கு வராது. அங்கே போகப் பேட்டரி வண்டி ஓடுகிறது, நடந்தும் போகலாம். வண்டியை அழைக்கும் முன்பே அந்த மாடிக்குப் போய்விடுங்கள். இல்லையென்றால் ஓட்டுநர் காத்திருந்து பார்த்துவிட்டு ரத்து செய்துவிடுவார்.

டாக்ஸியில் நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று. வெளியே வந்ததும் ஒருவர் "தாம்பரம்தானே, வாங்க" என்று பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். போய்ப் பார்த்தால் வெள்ளை நம்பர் பிளேட் வண்டி. இறங்கும்போது பேசியதைப்போல் இரண்டு மடங்கு கேட்டார். பெட்டிகள் டிக்கியில் இருந்ததால் கொடுத்துவிட்டு வந்தேன். வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வேறு எதுவானாலும் ஏறாதீர்கள். ப்ரீபெய்ட் ரசீதை இடம் சேர்ந்தபின்தான் ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். பெட்டியை நீங்களாகக் கொடுக்காமல் யாரும் தொட விடாதீர்கள்.

நான்காவது, ஊரிலிருந்து சொந்தக்காரர் வண்டி எடுத்து வருவது. அவரை வாசலில் நிற்கச் சொல்லாதீர்கள். சில நிமிடங்களுக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். நேராக வாகன நிறுத்தத்துக்குப் போய்விடச் சொல்லுங்கள். 300 கிலோமீட்டர் ஓட்டி வந்தவர் உடனே திரும்பி ஓட்டுவதைவிட, இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்பட்டும். இதை ஒவ்வொரு முறையும் நான் வற்புறுத்துகிறேன்.

7. கிளாம்பாக்கத்தில் பேருந்து

வண்டலூரைத் தாண்டி இருக்கும் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. தென் மாவட்ட அரசுப் பேருந்துகளும் ஆம்னிப் பேருந்துகளும் இப்போது அங்கிருந்துதான் புறப்படுகின்றன. நீங்கள் ஊரை விட்டுப் போய்ச் சில வருடம் ஆகியிருந்தால் கோயம்பேடு என்றே மனதில் இருக்கும். பழக்கத்தில் கோயம்பேடு போய்விட்டு, பெட்டிகளோடு மறுபடி 30 கிலோமீட்டர் தெற்கே வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

விமான நிலைய வாசலில் ஜி.எஸ்.டி. சாலையில் 'கிளாம்பாக்கம்' பலகையோடு மாநகரப் பேருந்துகள் வரும். பெட்டி அதிகம் என்றால் டாக்ஸி. டாக்ஸி ஓட்டுநரிடம் 'அரசு பஸ்' அல்லது 'ஆம்னி பஸ்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். நிற்கும் இடம் வேறு வேறு, வளாகம் பெரியது, தவறான பக்கம் இறங்கினால் நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

அரசுப் பேருந்துக்கு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தளத்தில் முன்பதிவு செய்யலாம். ஆம்னிப் பேருந்தில் பதிவு செய்யும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஏறும் இடம்: பட்டியலில் பத்து இடம் இருக்கும், 'கிளாம்பாக்கம்' என்று தெளிவாகப் போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். மேம்பாலத்துக்குக் கீழே, பெட்ரோல் பங்க் எதிரில் என்பதையெல்லாம் ராத்திரியில் பெட்டிகளோடு தேட முடியாது. இன்னொன்று, ரத்து விதி: அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். பண்டிகை நாட்களில் ஆம்னிக் கட்டணம் இரண்டு மூன்று மடங்குகூட ஏறும்.

8. ஊர் வரை டாக்ஸியில்

நான்கு பேர், ஆறு பெட்டி என்றால் 'ஒன்-வே டிராப்' டாக்ஸிதான் நிம்மதி. நான் விசாரித்தபோதெல்லாம் சிறிய காருக்குக் கிலோமீட்டருக்கு 14, 15 ரூபாய் என்றும், குறைந்தது 130 கிலோமீட்டருக்குக் கணக்கு என்றும், ஓட்டுநர் பேட்டா 400 ரூபாய் என்றும் சொன்னார்கள். கும்பகோணம் 290 கிலோமீட்டர் என்று வைத்தால் 4,350, பேட்டா 400, அதோடு சுங்கச்சாவடி. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வழியில் வரிசையாக இருக்கும். 5,500 ரூபாய் ஒதுக்கி வைத்தால் சரியாக இருக்கும்.

முன்பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்: சுங்கம் சேர்த்தா தனியா, விமானம் தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் எவ்வளவு, வாகன நிறுத்தக் கட்டணம் யாருடையது, கேரியர் உண்டா. புதுச்சேரி போகிறவர்கள் பெர்மிட் செலவையும் கேளுங்கள். விமான எண்ணை அனுப்பி வைத்தால் தாமதத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இரவு 1 மணியிலிருந்து 5 மணி வரை நெடுஞ்சாலைப் பயணத்தை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால், ஓட்டுநர் பகலில் தூங்கினாரா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டீக்கடையில் நிறுத்தச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் முன் இருக்கையில் விழித்துக்கொண்டு பேசிக்கொண்டே வர வேண்டும்.

9. நள்ளிரவில் இறங்கினால்

வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் இடையில்தான் வருகின்றன. அந்த நேரத்தில் மெட்ரோ இல்லை, மின்சார ரயில் இல்லை, இரவு ரயில்களும் போய்விட்டிருக்கும். அடித்துப் பிடித்து ஓடுவதால் எதுவும் கிடைக்காது.

3 மணிக்குமேல் இறங்கினால் வெளியே வரவே 5 ஆகிவிடும். ஏதாவது சாப்பிட்டுவிட்டு, காலை ரயிலையோ கிளாம்பாக்கத்தில் பகல் பேருந்தையோ பிடிக்கலாம். 12, 1 மணிக்கு இறங்கினால் அறை எடுங்கள். மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் பகுதியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நிறைய விடுதிகள் உண்டு. 24 மணி நேரமும் உள்ளே விடுவார்களா என்று போன் செய்து கேட்டபின் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தை இணையத்தில் குடிவரவுத் துறைக்கு அனுப்ப வேண்டும். அந்த வசதி இல்லாத சிறிய விடுதிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

தனியாக வரும் பெண்கள் ப்ரீபெய்ட் அல்லது ஆப் வண்டியில் மட்டும் ஏறி, வண்டி எண்ணையும் பயண இணைப்பையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவசர உதவிக்கு 112, ரயில் தொடர்பான எதற்கும் 139.

10. தாம்பரத்தில் ஏறுவதும், ஊரில் இறங்குவதும்

தாம்பரத்தில் ரயில் பெரும்பாலும் 2 நிமிடம்தான் நிற்கும். பெட்டிகளோடு ஏற இது போதாது என்று பயப்பட வேண்டாம். நிற்கும் இடம் சரியாக இருந்தால் போதும். அரை மணி நேரம் முன்பே நடைமேடைக்குப் போய், மேலே ஓடும் மின்பலகையில் உங்கள் கோச் (ரயில் பெட்டி) எங்கே வரும் என்று பார்த்து அதற்கு நேராக நில்லுங்கள். பலகை காட்டவில்லை என்றால் போர்ட்டரைக் கேளுங்கள்; அவர்களுக்கு மனப்பாடம். கூலியை முன்பே பேசிக்கொண்டு ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. முதலில் ஒரு பெரியவர் ஏறட்டும், அடுத்து குழந்தை, அப்புறம் பெட்டிகள், கடைசியில் இன்னொரு பெரியவர். எல்லோரும் ஒரே வாசலில் ஏறுங்கள். கோச் மாறி ஏறிவிட்டாலும் பரவாயில்லை, பெரும்பாலும் உள்ளேயே நடந்து போய்விடலாம், வண்டியை விட்டுவிடாதீர்கள்.

இரவு ரயில்கள் டெல்டா ஊர்களுக்கு விடிவதற்கு முன்பே போய்விடும். பயண அலுப்பில் தூங்கி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. கைபேசியில் இறங்கும் நேரத்துக்கு 40 நிமிடம் முன்னதாக ஒரு அலாரம், 20 நிமிடம் முன்னதாக இன்னொன்று வையுங்கள். கைபேசி வெளிநாட்டு நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அலாரம் வைக்கும்போதே பாருங்கள். சிம் இல்லாத கைபேசியில் நேரம் தானாக மாறாமல் இருக்கலாம். முதல் அலாரத்திலேயே பெட்டிகளை வாசல் பக்கம் நகர்த்திவிடுங்கள். சிறிய நிலையங்களில் அந்த நேரத்தில் ஆட்டோ ஒன்றிரண்டுதான் நிற்கும். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் முந்தைய நாளே ரயில் பெயரையும் கோச் எண்ணையும் சொல்லிவைத்தால், அவரே நடைமேடைக்கு வந்து பெட்டியை இறக்கிக்கொள்வார்.